மார்பகப் புற்றுநோய்: சிகிச்சை முடிந்த பிறகும் 5 வருடம் மாத்திரை ஏன்? பக்கவிளைவுகளைச் சமாளிப்பது எப்படி?

ஆபரேஷன் முடிந்துவிட்டது. கீமோவில் கொட்டிய முடி மறுபடி முளைக்கத் தொடங்கிவிட்டது. ரேடியேஷனுக்காகத் தினமும் ஆஸ்பத்திரிக்கு அலைந்த அலைச்சலும் ஓய்ந்தது. ‘அப்பாடா, எல்லாம் சரியாயிடுச்சு’ என்று வீட்டில் இருப்பவர்கள் பெருமூச்சு விடும் நேரத்தில்தான், மார்பகப் புற்றுநோயின் மிக நீளமான சிகிச்சை ஆரம்பிக்கிறது. தினமும் ஒரே ஒரு மாத்திரை. பெரும்பாலானவர்களுக்கு 5 ஆண்டுகள், சிலருக்கு 10 ஆண்டுகள் வரை.

இதற்குப் பெயர் ஹார்மோன் சிகிச்சை. ஊசி இல்லை, டிரிப்ஸ் இல்லை, முடி கொட்டி மொட்டையாவது இல்லை. அதனால் ‘இது சும்மா மாத்திரைதானே’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சில மாதங்களிலேயே நடு ராத்திரியில் உடம்பு கொதிக்கிறது, காலையில் விரல்களை மடக்க முடியவில்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. செக்கப் போனால் டாக்டர் கட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார், ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்கிறார். இதையெல்லாம் சொல்ல நேரமும் இல்லை, சொல்லலாமா என்றும் தெரியவில்லை. ஒருநாள் மாத்திரை தீர்ந்துபோகிறது, மறுபடி வாங்கவே இல்லை.

சிக்கல் இங்கேதான். இந்தப் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவற்றுக்கு வழி இருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினால், அந்த வழிகள் எதுவும் நோயாளியிடம் வந்து சேராமலேயே போய்விடும்.

யாருக்கு இந்த மாத்திரை?

மார்பகப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் இது கிடையாது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ அல்லது ‘பி.ஆர். பாசிட்டிவ்’ என்று இருக்கும். பாசிட்டிவ் என்ற வார்த்தையைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். உண்மையில் அது, சிகிச்சைக்கு ஒரு கூடுதல் ஆயுதம் இருக்கிறது என்ற செய்தி.

பெண் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்து வளரும் புற்றுநோய் இது. செல்லின் மேல் ஈஸ்ட்ரோஜனுக்கென ஒரு பூட்டு இருப்பதாக வைத்துக்கொண்டால், ஈஸ்ட்ரோஜன்தான் சாவி. சாவி விழுந்தால் செல் பெருகும். இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த வகைதான். மேலை நாடுகளில் இதன் பங்கு இன்னும் அதிகம்.

ஹார்மோனுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், சினைப்பையை அகற்றினால் சில பெண்களுக்கு மார்பகக் கட்டி சுருங்குவதை 1896-லேயே எழுதி வைத்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயர்கூட அப்போது கிடையாது. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் டமாக்சிஃபென் மாத்திரையின் கதை இன்னும் வேடிக்கையானது. 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதைக் கருத்தடை மருந்தாகத்தான் உருவாக்கியது. ஆனால் பெண்களுக்கு அது கருமுட்டை வெளிவருவதைத் தூண்டியது! கருத்தடைக்குத் தோற்ற மருந்து, புற்றுநோய்க்கு ஜெயித்தது. இந்தப் பழைய கதையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் ஒரு இடத்தில் தேவைப்படும்.

இரண்டு வகை மாத்திரை, இரண்டு வகை தொந்தரவு

‘ஹார்மோன் மாத்திரை’ என்று பொதுவாகச் சொன்னாலும் இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. கையில் இருப்பது எது என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கவிளைவை எதிர்பார்ப்பது என்று புரியும்.

முதலாவது டமாக்சிஃபென். வழக்கமான அளவு தினம் 20 மி.கி. இது ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதில்லை. பூட்டுக்குள் தானே போய் உட்கார்ந்துகொண்டு சாவியை உள்ளே விடாது. மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் பெண்களும், நின்றுபோன பெண்களும் இதை எடுக்கலாம். மார்பகப் புற்றுநோய் வரும் ஆண்களுக்கும் பெரும்பாலும் இதுதான் கொடுக்கப்படுகிறது.

இரண்டாவது, லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸமெஸ்டேன் ஆகிய மூன்றும் சேர்ந்த குடும்பம். அரோமடேஸ் தடுப்பான்கள் என்று சொல்வார்கள். மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிடும். ஆனால் கொழுப்புத் திசு உள்ளிட்ட வேறு இடங்களில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உருவாகிக்கொண்டே இருக்கும். அந்த உற்பத்தியையே இந்த மாத்திரை நிறுத்திவிடும். அதாவது சாவி தயாரிக்கும் பட்டறைக்கே பூட்டு.

சினைப்பை வேலை செய்யும் இளம் பெண்ணுக்கு இரண்டாவது வகையை மட்டும் கொடுத்தால் பலன் இருக்காது. அதனால் கோசெரலின் அல்லது லியூப்ரோலைடு ஊசி போட்டு சினைப்பையை ஓய்வெடுக்க வைத்து, கூடவே மாத்திரை கொடுப்பார்கள். இந்த ஊசியின் தேதி மிக முக்கியம். ‘ஊர்ல திருவிழா, அடுத்த வாரம் போட்டுக்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் சினைப்பை மறுபடி விழித்துக்கொள்ளும்.

பலன் எவ்வளவு?

சிரமத்தைத் தாங்கச் சொல்வதற்கு முன் பலனைச் சொல்ல வேண்டும். 20 ஆய்வுகளில் பங்கேற்ற 21 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஹார்மோன் பாசிட்டிவ் உள்ளவர்களில், 5 ஆண்டுகள் டமாக்சிஃபென் எடுத்தவர்களுக்கு முதல் 5 ஆண்டுகளில் நோய் திரும்பும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 15 ஆண்டுகள் வரையிலான மரண விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இரண்டாவது வகை மாத்திரைகள் இதைவிடவும் சற்றுக் கூடுதல் பலன் தருகின்றன.

இன்னொரு விஷயம். இந்த வகைப் புற்றுநோய்க்கு ஞாபக சக்தி அதிகம். 5 ஆண்டு கடந்துவிட்டால் தப்பித்தோம் என்ற கணக்கு இதற்கு முழுமையாகப் பொருந்தாது. 10, 15, ஏன், 20 ஆண்டுகள் கழித்தும் சிலருக்குத் திரும்பி வருகிறது. ‘உடம்புல ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு மாத்திரை?’ என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

பாதிப் பேர் முழுசாக முடிப்பதில்லை

இவ்வளவு பலன் இருந்தும், அமெரிக்காவின் வடக்கு கலிஃபோர்னியாவில் 8,769 பெண்களை வைத்து நடந்த ஆய்வில் (2010-ல் வெளியானது) ஏறக்குறைய பாதிப் பேர்தான் முழுக் காலமும் ஒழுங்காக மாத்திரை எடுத்திருந்தார்கள். அவர்கள் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், மருந்துக்கு அலைய வேண்டிய நிலையில் இல்லாதவர்கள். அங்கேயே அப்படி.

நம் ஊரில் வேறு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. புறநோயாளிகள் பிரிவில் கூட்டம் அதிகம், டாக்டர் முன்னால் உட்காரும் நேரம் குறைவு. கூட வருவது பெரும்பாலும் கணவர் அல்லது மகன். அவர்கள் முன்னால் மாதவிடாய் பற்றியோ தாம்பத்தியம் பற்றியோ எப்படிப் பேசுவது? பல வீடுகளில் மாத்திரை வாங்க வருவதே மகன்தான், அம்மா வருவதில்லை. ‘உயிர் பிழைச்சதே பெருசு, இதையெல்லாம் போய் சொல்லிக்கிட்டு’ என்ற எண்ணம் வேறு. இந்த எண்ணம்தான் மிகவும் ஆபத்தானது. பொறுத்துக்கொள்வதைப் பெண்ணின் இயல்பாகவே பார்த்துப் பழகிய வீடுகளில், மாத்திரை நின்றுபோனது யாருக்கும் தெரியாமலேயே போகிறது.

ராத்திரியில் உடம்பு கொதிப்பது

நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் வரை திடீரென அனல் பரவும். வியர்வை ஊற்றும், படபடப்பு வரும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கி, பிறகு குளிரும். டாக்டர்கள் இதை ஹாட் ஃப்ளஷ் என்பார்கள். இரண்டு வகை மாத்திரைகளிலும் வரும், டமாக்சிஃபெனில் அதிகம். ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதாக நினைத்து, மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி தடுமாறுவதுதான் காரணம். சித்திரை வெயிலில் கரண்டும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

‘உடம்பு சூடு’ என்று நினைத்து எண்ணெய்க் குளியல், மோர், இளநீர் என்று பலர் முயற்சிக்கிறார்கள். தவறில்லை, ஆனால் இது சாப்பாட்டால் வரும் சூடு அல்ல. பருத்தி உடை, படுக்கும் அறையில் காற்றோட்டம், இரவில் காபி மற்றும் காரத்தைக் குறைப்பது ஆகியவை ஓரளவு உதவும். எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தால், எது தூண்டுகிறது என்பது பலருக்குப் பிடிபடும்.

தூக்கமே போகும் அளவுக்கு இருந்தால் மருந்து உண்டு. வென்லாஃபாக்சின், கபாபென்டின், ஆக்சிபியூட்டினின் போன்றவற்றைக் குறைந்த அளவில் டாக்டர்கள் எழுதுவார்கள். முதலாவது மனச்சோர்வுக்கான மருந்து, இரண்டாவது வலிப்புக்கானது, மூன்றாவது சிறுநீர்ப் பிரச்சினைக்கானது. மருந்துக்கடையில் அட்டையைப் பார்த்துவிட்டு ‘எனக்கு எதுக்கு மனநல மாத்திரை?’ என்று ஒதுக்க வேண்டியதில்லை. சூட்டைக் குறைக்கவும் அவை வேலை செய்கின்றன.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பராக்செடின், ஃப்ளூவாக்செடின் ஆகிய மனச்சோர்வு மாத்திரைகள், டமாக்சிஃபெனை உடல் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதைத் தடுக்கக்கூடியவை. வேறு டாக்டரிடம் தூக்கத்துக்கோ மனசுக்கோ மருந்து வாங்கும்போது ‘நான் டமாக்சிஃபென் எடுக்கிறேன்’ என்று சொல்லியே ஆக வேண்டும். மாதவிடாய் நின்ற தொந்தரவுக்கென்று மற்ற பெண்களுக்குக் கொடுக்கப்படும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் இவர்களுக்கு ஆகாது.

காலையில் எழுந்தால் கை மடங்கவில்லை

லெட்ரோசோல் குடும்பத்தில் பெண்களை அதிகம் ஓடவிடுவது மூட்டு வலிதான். எடுப்பவர்களில் சுமார் பாதிப் பேர் இதைச் சொல்கிறார்கள். காலையில் விரல்கள் இறுகிப்போயிருக்கும். தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது, பால் பாத்திரத்தைத் தூக்கக் கை நடுங்கும். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். 48 வயதில் 80 வயதுப் பாட்டி மாதிரி நடக்கிறோமே என்ற வேதனை, வலியைவிடப் பெரிது. சிலருக்கு மணிக்கட்டு நரம்பு அழுத்தப்பட்டு விரல்கள் மரத்துப்போகும்.

பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் வலி ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கொஞ்சம் நடமாடினால் இறுக்கம் தளரும். இந்த வலி வந்ததும் ‘எலும்புக்குப் பரவிடுச்சோ’ என்ற பயம்தான் பலருக்கு முதலில் வருகிறது. பொதுவாக அப்படி இல்லை. ஆனால் ஒரே இடத்தில் மட்டும், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே, ஓய்வெடுத்தாலும் குறையாமல், இரவில் எழுப்பும் வலி இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

வலிக்கும்போது உடற்பயிற்சி செய் என்றால் கோபம்தான் வரும். ஆனாலும் இதில் நல்ல ஆதாரமுள்ள வைத்தியங்களில் ஒன்று அதுதான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த மாத்திரையால் மூட்டு வலி வந்த 121 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்துக்கு இரண்டு முறை எடை தூக்கும் பயிற்சியும், மொத்தம் 150 நிமிட வேக நடை போன்ற பயிற்சியும் ஒரு வருடம் செய்தது. அவர்களின் கடும் வலி 29 சதவீதம் குறைந்தது. வழக்கம்போல் இருந்த குழுவுக்குக் குறையவில்லை. எடை என்றவுடன் ஜிம் தேவையில்லை, தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலிலிருந்தே தொடங்கலாம். ஆபரேஷன் செய்த பக்கம் கை வீக்கம் உள்ளவர்கள் மட்டும் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

அது போதவில்லை என்றால் டாக்டரிடம் அடுத்த வழிகள் இருக்கின்றன. டுலோக்செடின் என்ற மருந்து பலருக்கு வலியைக் குறைக்கிறது. அக்குபங்சருக்கும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. டாக்டர் சொல்லி 2, 3 வாரம் மாத்திரையை நிறுத்தி, பிறகு அதே குடும்பத்தில் வேறொன்றுக்கு மாறலாம். லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளாதவருக்கு எக்ஸமெஸ்டேன் ஒத்துக்கொள்வது உண்டு. எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் டமாக்சிஃபெனுக்கே மாறிவிடலாம். கடையில் தானாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுவதுதான் வேண்டாத வழி. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் அடிவாங்கும்.

இங்கே ஒரு சுவாரசியமான தகவலும் உண்டு. புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள பெண்களுக்கு அனஸ்ட்ரோசோல் கொடுத்துப் பார்த்த ஐபிஸ்-2 என்ற சர்வதேச ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் 64 சதவீதம் பேர் மூட்டு, தசைத் தொந்தரவு சொன்னார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களிலும் 58 சதவீதம் பேர் சொன்னார்கள். அந்த வயதில் மூட்டு வலி எவ்வளவு சகஜம் என்பதைத்தான் இது காட்டுகிறது. ‘எல்லாம் உங்க மனசுதான்’ என்று நோயாளியை மட்டம் தட்ட இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூட்டுத் தேய்மானம், தைராய்டு, வைட்டமின் டி குறைவு ஆகியவற்றையும் சோதித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சத்தமே இல்லாமல் கரையும் எலும்பு

மூட்டு வலியாவது சொல்லிவிட்டு வரும். எலும்பு தேய்வது சொல்லாமல் வரும். ஈஸ்ட்ரோஜன் எலும்புக்குக் காவல். லெட்ரோசோல் வகை மாத்திரைகள் அந்தக் காவலை எடுத்துவிடுகின்றன. குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டோ இடுப்போ முறிந்தால்தான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது.

அதனால் மாத்திரை தொடங்கும்போதே டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியைப் பார்த்துவிட்டு, பிறகு ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். வலியில்லாத, சில நிமிட ஸ்கேன் அது. யாரும் எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்கலாம். கேழ்வரகு, எள், பால், தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, இவற்றுடன் டாக்டர் சொல்லும் கால்சியம், வைட்டமின் டி. எலும்பு ரொம்பவே தேய்ந்திருந்தால் 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் சோலெட்ரானிக் ஆசிட் ஊசி இருக்கிறது. அந்த ஊசிக்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து சிலருக்கு உண்டு.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு டமாக்சிஃபென் இதற்கு நேர்மாறு, எலும்பைக் காக்கும்.

டமாக்சிஃபென் எடுப்பவர்கள் உடனே ஓட வேண்டிய நேரம்

மாதவிடாய் நின்றுபோன ஒருவருக்கு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், மகப்பேறு டாக்டரிடம் காட்ட வேண்டும். டமாக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தாலும் கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்ளும். அதனால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது.

‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு? 2013-ல் வெளியான அட்லஸ் ஆய்வில், 10 ஆண்டுகள் எடுத்தவர்களில் 100-க்கு சுமார் 3 பேருக்கும், 5 ஆண்டில் நிறுத்தியவர்களில் 100-க்கு 1 அல்லது 2 பேருக்கும் அது வந்தது. பெரும்பாலும் ரத்தப்போக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுவதால், காட்டியவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கு ஸ்கேனில் கருப்பைச் சுவர் தடித்துத் தெரிவது சகஜம். ரத்தம் படாத நிலையில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் அதை மட்டும் பார்த்துவிட்டு, கருப்பையை எடுத்துவிடலாம் என்று அவசரப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று ரத்தம் உறைவது. ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108-க்கு போன் செய்ய வேண்டியதுதான். வேறு ஏதாவது ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போது டமாக்சிஃபென் எடுப்பதைச் சொல்லிவிட வேண்டும். சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை பஸ்ஸில் போகிறவர்கள், வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி நாலு அடி நடப்பது நல்லது.

யாரிடமும் சொல்லாத ஒன்று

பிறப்புறுப்பு வறண்டு, எரிந்து, தாம்பத்தியம் வேதனையாகிவிடுவது. லெட்ரோசோல் வகையில் இது அதிகம். அடிக்கடி சிறுநீர்த் தொற்றும் வரும். டாக்டர்களும் கேட்பதில்லை, பெண்களும் சொல்வதில்லை. கணவருக்குக் காரணம் தெரியாததால், ‘என்னைப் பிடிக்கலையோ’ என்று அவரும் ஒதுங்கிவிடுகிறார். மார்பகத்தை இழந்த பெண்ணுக்கு அந்த விலகல் வேறு அர்த்தத்தில் போய்ச் சேரும். மாத்திரைதான் காரணம் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டாலே பாதிப் பாரம் இறங்கும்.

ஹார்மோன் கலக்காத ஈரப்பத ஜெல்களை வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை தடவலாம். உறவின்போது தண்ணீர் அடிப்படையிலான வழவழப்பு ஜெல் தனி. தேங்காய் எண்ணெய் சிலருக்கு இதமாக இருக்கும், ஆனால் ஆணுறை பயன்படுத்தினால் எண்ணெய் பட்டு அது கிழிந்துவிடும். மருந்துக்கடையில் ‘வறட்சி’ என்று கேட்டால் ஈஸ்ட்ரோஜன் க்ரீமை எடுத்துக் கொடுத்துவிடக் கூடும். அதைப் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

குழந்தை பெற வேண்டியவர்கள்

இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் மேலை நாடுகளைவிடச் சுமார் 10 ஆண்டுகள் முன்னதாகவே பெண்களைப் பிடிக்கிறது. 30-களில் இருப்பவரிடம் ‘5 வருஷம் மாத்திரை’ என்றால், குழந்தைக் கனவுக்கும் சேர்த்துத்தான் அது கேட்கும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. டமாக்சிஃபென் கருமுட்டையைத் தூண்டக்கூடியது என்ற பழைய கதை இங்கேதான் தேவைப்படுகிறது. மாத்திரையால் மாதவிடாய் தள்ளிப்போகிறது என்பதற்காகக் கரு தரிக்காது என்று அர்த்தம் இல்லை. வயிற்றில் உள்ள சிசுவுக்கு இந்த மருந்து ஆபத்து. காப்பர் டி, ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத கருத்தடைதான் வேண்டும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. பாசிட்டிவ் என்ற சர்வதேச ஆய்வில், 42 வயது வரையிலான 500-க்கும் மேற்பட்ட பெண்கள், 18 முதல் 30 மாதம் வரை மாத்திரை எடுத்த பிறகு, குழந்தைக்காக அதிகபட்சம் 2 ஆண்டுகள் இடைவெளி விட்டார்கள். 2023-ல் வெளியான முடிவின்படி, 3 ஆண்டுகளில் அவர்களுக்கு நோய் திரும்பியது 8.9 சதவீதம். இடைவெளி விடாத இதே போன்ற பெண்களுக்கு 9.2 சதவீதம். நீண்டகாலக் கணக்கு வர இன்னும் ஆண்டுகள் ஆகும். ஆனாலும் டாக்டரோடு பேசி, திட்டமிட்டு இடைவெளி விட ஒரு கதவு திறந்திருக்கிறது.

மனசு, மறதி, எடை

எரிச்சல், அழுகை, சாமான் வாங்கப் போன இடத்தில் என்ன வாங்க வந்தோம் என்பதே மறந்துபோவது, இடுப்பில் எடை ஏறுவது என்று இவையும் வரும். எவ்வளவு மாத்திரையால், எவ்வளவு கீமோவால், எவ்வளவு தூக்கம் கெட்டதால் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரலாம், எனவே சர்க்கரை உள்ளவர்கள் எடையில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது ‘நன்றிகெட்டதனம்’ இல்லை, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு.

மஞ்சள் நல்லதுதானே?

குழம்பில் போடும் மஞ்சளால் பிரச்சினை இல்லை. ஆனால் ‘புற்றுநோய்க்கு நல்லது’ என்று விற்கும் மஞ்சள் சத்து கேப்சூல் வேறு. அதில் மிளகுச் சத்தும் கலந்திருக்கும். நெதர்லாந்தில் டமாக்சிஃபென் எடுப்பவர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், மஞ்சள், மிளகுச் சத்து இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் செயல்படும் மருந்தின் அளவு சுமார் 12 சதவீதம் குறைந்தது. கஷாயமோ லேகியமோ எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. டோஃபு, சோயா உருண்டை போன்ற சோயா உணவை அளவாகச் சாப்பிடலாம், சோயா சத்து மாத்திரைகள் வேண்டாம்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

‘முடியல டாக்டர்’ என்றால் அது காற்றோடு போய்விடும். ‘ராத்திரி 4 தடவை எழுந்திருக்கிறேன்’, ‘காலையில் அரை மணி நேரம் விரல் மடங்குவதில்லை’, ‘போன மாசம் 10 நாள் மாத்திரை போடலை’ என்று எண்ணிக்கையோடு சொன்னால் டாக்டரால் முடிவெடுக்க முடியும். மாத்திரை போடாத நாட்களை மறைக்கவே கூடாது. இல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று தவறாக முடிவெடுக்கப்படும். கூட வந்தவரை 2 நிமிடம் வெளியே இருக்கச் சொல்வதிலும் தப்பில்லை.

‘பாதி மாத்திரை போட்டால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. தினம் 5 மி.கி. டமாக்சிஃபென் போதும் என்று இத்தாலியில் நடந்த ஆய்வு, பரவும் நிலைக்கு முந்தைய கட்டத்தில் இருந்தவர்களுக்கானது. பரவும் தன்மையுள்ள புற்றுநோய்க்கு அதை அப்படியே பொருத்த முடியாது. மாத்திரையை வீட்டிலேயே உடைக்க வேண்டாம்.

ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம், வழக்கம்போல் ஒன்று போதும். காலையோ இரவோ, தினமும் ஒரே நேரத்தில் போட்டால் சரி. இரவில் போட்டுத் தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றிப் பார்க்கலாம். டமாக்சிஃபெனும் லெட்ரோசோலும் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளவை. அதனால் வெளியில் விலை இடித்தால், அரசு மருத்துவமனையிலும் மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு கேள்வியையும் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு: ‘என் விஷயத்தில் இந்த மாத்திரையால் எவ்வளவு லாபம்?’ நெறிக்கட்டி வரை பரவிய பெரிய கட்டி உள்ளவருக்கும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்த சிறிய கட்டி உள்ளவருக்கும் அந்த லாபம் ஒன்றல்ல. எல்லா வழியையும் முயன்ற பிறகும் வாழ்க்கையே நரகமாக இருந்தால், அந்தக் கணக்கைப் பார்த்து டாக்டரும் நோயாளியும் சேர்ந்து நிறுத்த முடிவெடுப்பதும் உண்டு. அது தெரிந்து எடுக்கும் முடிவு, மாத்திரை தீர்ந்தபின் வாங்காமலேயே விடுவது வேறு.

5 வருடம் முடிந்தால்?

நோயின் தன்மையைப் பார்த்துச் சிலருக்கு 7 அல்லது 10 ஆண்டுகள் வரை நீட்டிக்கச் சொல்வார்கள். நிறுத்தியவர்களுக்கு ஹாட் ஃப்ளஷும் மூட்டு இறுக்கமும் பெரும்பாலும் வாரங்களில் அல்லது மாதங்களில் தணியத் தொடங்கும். டமாக்சிஃபென் உடலைவிட்டு முழுதாக வெளியேறச் சில வாரங்கள் ஆகும். எலும்பு ஸ்கேனை எத்தனை நாள் தொடர்வது என்று டாக்டர் சொல்வார். வருடம் ஒருமுறை மேமோகிராம் மட்டும் மாத்திரை நின்ற பிறகும் தொடர வேண்டும்.